தசைச் சுவரின் கட்டுநார்: டிஸ்ட்ரோபின் புரதமும் நம் வகுப்பறையும்

பத்தாம் வகுப்பில் உயிர்த்தொழில்நுட்பவியல் பாடம் நடத்தும்போது மறுசேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பத்துக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு இன்சுலின். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது மனிதப் புரதத்தைத் தயாரித்துத் தரும் என்கிறோம். மாணவர்களும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

இதே முறையில் தயாராகும் வேறு பல புரதங்கள் மருந்துக் கடைக்கு வருவதில்லை. சிறு குப்பிகளில், மைக்ரோகிராம் அளவில், உறைகுளிர் நிலையில், 'ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்' என்ற குறிப்போடு அவை ஆய்வகங்களுக்குச் செல்கின்றன. மனிதத் தசைப் புரதங்களும் அவற்றுள் அடங்கும். அவற்றில் ஒன்றான டிஸ்ட்ரோபின் பற்றியது இக்கட்டுரை. மருந்தாக உதவாத ஒரு புரதத்தை எதற்காகத் தயாரிக்கிறார்கள் என்ற கேள்வி, மேல்வகுப்பு மாணவர்களைப் பாடநூலுக்கு அப்பால் சிந்திக்க வைக்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தையிடம் முதல் அறிகுறிகள் தென்படுவது பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள். அங்கன்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் அக்குழந்தையைப் பல குழந்தைகளோடு சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு ஆசிரியருக்கே கிடைக்கிறது.

டிஸ்ட்ரோபின் செய்யும் வேலை

தசை சுருங்குவதற்குக் காரணம் ஆக்டின், மையோசின் என்னும் இரு புரத இழைகள் ஒன்றன்மீது ஒன்று சறுக்குவது. இதை நாம் கற்பிக்கிறோம். ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் தசைநாரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் இழுபடுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டும் அது ஏன் கிழிவதில்லை? சவ்வின் உட்புறத்தில் டிஸ்ட்ரோபின் இருப்பதால்தான். அதன் ஒரு முனை உள்ளே ஆக்டினைப் பற்றியிருக்கிறது. மறுமுனை சவ்வில் பதிந்துள்ள புரதக் கூட்டத்தோடு இணைந்து, அதன் வழியாகத் தசைநாருக்கு வெளியே உள்ள தாங்கு வலையோடு தொடர்பு கொள்கிறது. இதனால் இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது.

ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க மண்சுவரே போதும். மூங்கில் பிளாச்சுகளை நாரால் கட்டி, அதன்மேல் மண் பூசிய சுவரை அவர்கள் பார்த்திருப்பார்கள். சுவரின் எடையில் நாரின் பங்கு மிகமிகக் குறைவு. ஆனால் கட்டு விட்டுப்போனால் ஒவ்வோர் அதிர்விலும் மண் விரிசல் விட்டு உதிரும். டிஸ்ட்ரோபினும் அப்படித்தான். தசையில் உள்ள மொத்தப் புரதத்தில் அதன் பங்கு ஏறத்தாழ 0.002 விழுக்காடு மட்டுமே. அது இல்லாதபோது சவ்வில் விரிசல் விழுகிறது. கால்சியம் தேவையின்றி உள்ளே நுழைகிறது. தசைநார் சிதைகிறது. உடல் சில ஆண்டுகள் அதைச் சரிசெய்து பார்க்கிறது. பிறகு சிதைந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்பிவிடுகின்றன.

இதுவே டூச்சென் தசைச்சிதைவு நோய். 1860-களில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கியோம் டூச்செனின் பெயரால் அழைக்கப்படுகிறது. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது.

பெரிய மரபணு, சிறிய பிழை

டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. மனித மரபணுக்களில் மிக நீளமானது இதுவே: ஏறத்தாழ 22 லட்சம் கார இணைகள், 79 எக்ஸான்கள். இதை ஒருமுறை முழுமையாக ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்க செல்லுக்குச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. இவ்வளவு நீளமான மரபணுவில் பிழை நேரும் வாய்ப்பும் அதிகம். அதனால்தான் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு, தாயிடம் எந்தப் பிழையும் இல்லாமலேயே இந்நோய் புதிதாக ஏற்படுகிறது.

எல்லாப் பிழைகளும் ஒரே அளவு பாதிப்பைத் தருவதில்லை. மரபுச் செய்தி மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதே இதற்குக் காரணம். இதைக் கரும்பலகையில் ஐந்து நிமிடங்களில் விளக்கலாம்.

செயல்பாடு 1: 'புளிய மரம் நிழல் தரும்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்துகள் இருப்பதை மாணவர்கள் எண்ணட்டும். முதலில் 'நிழல்' என்ற மூன்று எழுத்துகளையும் அழியுங்கள். 'புளிய மரம் தரும்' என்று வரும். ஏதோ குறைகிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. இப்போது முழு வாக்கியத்தையும் மீண்டும் எழுதி, 'மரம்' என்பதில் உள்ள 'ர' என்ற ஓர் எழுத்தை மட்டும் நீக்குங்கள். மீதியை மும்மூன்று எழுத்தாகப் பிரித்தால் 'புளிய மம்நி ழல்த ரும்' என்று வரும். நீக்கியது ஓர் எழுத்துதான். அதற்குப் பின் உள்ள அனைத்தும் பொருளற்றுப் போயின.

மரபணுவிலும் இதுவே நடக்கிறது. நீங்கிய பகுதி மூன்றின் மடங்காக இருந்தால் பெரும்பாலும் சற்றுக் குட்டையான, ஓரளவு வேலை செய்யும் டிஸ்ட்ரோபின் உருவாகும். இது பெக்கர் எனப்படும் மிதமான வகை. மூன்றின் மடங்காக இல்லாவிட்டால் வாசிப்பு முறை குலைந்து, புரதமே உருவாகாமல் போகும். இது டூச்சென் வகை. சடுதிமாற்றம் பற்றிய பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பாக்டீரியாவில் மனிதத் தசைப் புரதம்

டிஸ்ட்ரோபினில் 3,685 அமினோ அமிலங்கள் உள்ளன. இவ்வளவு பெரிய புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவால் முழுமையாகவும் ஒழுங்காகவும் உருவாக்குவது கடினம். எனவே ஆய்வாளர்கள் தேவையான துண்டை மட்டும் தயாரித்துக்கொள்கிறார்கள். ஆக்டினைப் பற்றும் முனை வேண்டுமா, சவ்வோடு இணையும் முனை வேண்டுமா என்று முடிவு செய்து தொடங்குகிறார்கள். படிநிலைகள் இவை:

1. தசை செல்லில் உள்ள தூது ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. நகல் எடுக்கப்படுகிறது. தேவையற்ற இன்ட்ரான்கள் ஏற்கெனவே நீக்கப்பட்டிருப்பதால் பாக்டீரியாவால் இதைப் படிக்க முடியும்.

2. அந்த நகலிலிருந்து வேண்டிய பகுதியை எடுத்து, வெட்டும் நொதியால் திறக்கப்பட்ட பிளாஸ்மிட்டில் வைத்து, லைகேஸ் நொதியால் ஒட்டுகிறார்கள்.

3. பிளாஸ்மிட்டை ஈ.கோலைக்குள் செலுத்துகிறார்கள். பிளாஸ்மிட்டில் எதிருயிரி மருந்தைத் தாங்கும் மரபணுவும் இருக்கும். ஆகவே எதிருயிரி கலந்த ஊடகத்தில் பிளாஸ்மிட் பெற்ற பாக்டீரியா மட்டுமே வளரும்.

4. பாக்டீரியா போதிய அளவு பெருகியதும், புரத உற்பத்தியைத் தூண்டும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள்.

5. செல்களை உடைத்து, ஆயிரக்கணக்கான பாக்டீரியப் புரதங்களுக்கிடையே தேவையான ஒன்றைப் பிரிக்கிறார்கள். இதற்காக, மரபணுவை வடிவமைக்கும்போதே புரதத்தின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை ஒரு வால் போலச் சேர்த்துவிடுவது பரவலான வழக்கம். ஹிஸ்டிடின் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். நிக்கல் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாய் வழியாகக் கலவையை ஊற்றினால் வாலுள்ள புரதம் மட்டும் தங்கும், மற்றவை வழிந்துவிடும்.

6. கிடைத்த புரதம் எதிர்பார்த்த அளவில் உள்ளதா, தூய்மையாக உள்ளதா என்று ஜெல் மின்னாற் பகுப்பு மூலம் சரிபார்க்கிறார்கள்.

செயல்பாடு 2: ஒரு தட்டில் சிறு காகிதத் துண்டுகளை நிரப்புங்கள். பத்துத் துண்டுகளில் மட்டும் ஜெம் கிளிப் மாட்டி, நன்றாகக் கலந்துவிடுங்கள். ஒரு காந்தத்தை மேலே நகர்த்தினால் கிளிப் மாட்டியவை மட்டும் வரும். ஐந்தாம் படிநிலை மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஆய்வகத்தில் நடப்பது காந்த ஈர்ப்பு அன்று, வேதிப்பிணைப்பு என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

துண்டை வைத்துப் புரதத்தைப் பிடித்த கதை

டூச்சென் எழுதி நூறாண்டுகளுக்கு மேலாகியும், தசையில் எந்தப் புரதம் குறைகிறது என்று யாருக்கும் தெரியாதிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் லூயி குங்கெல் தலைமையிலான குழு 1986-இல் மரபணுவின் பகுதியை முதலில் கண்டறிந்தது. அதாவது செய்முறைக் குறிப்பு கையில் இருந்தது; பண்டத்தை யாரும் பார்த்ததில்லை.

எரிக் ஹாஃப்மனும் குங்கெலும் அவர்களுடன் பணியாற்றியோரும் அடுத்து செய்தது இதுதான். எலியின் இதே மரபணுவிலிருந்து சில துண்டுகளை எடுத்து, பாக்டீரியப் புரதம் ஒன்றோடு இணைத்து, ஈ.கோலையில் தயாரித்தார்கள். அந்தப் புரதத் துண்டை முயலுக்கும் செம்மறியாட்டுக்கும் செலுத்தினார்கள். அவற்றின் உடலில் அத்துண்டை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. அந்த எதிர்ப்பொருளைத் தசைச் சாற்றில் சேர்த்தபோது, நலமான மனிதர், எலி ஆகியவற்றின் தசையில் மிகப் பெரிய ஒரு புரதம் அடையாளம் காணப்பட்டது. டூச்சென் நோயுள்ள சிறுவர்களின் தசையில் அது இல்லை. 1987-இல் முடிவுகளை வெளியிட்டு, அப்புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் என்று பெயர் சூட்டினார்கள்.

மருந்தாகாத புரதத்தை எதற்காகத் தயாரிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இல்லாத ஒன்றை 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல, அதை அடையாளம் காட்டும் கருவி வேண்டும். ஆய்வகப் புரதம் அந்தக் கருவியை உருவாக்கித் தந்தது. தசைத் திசுவில் டிஸ்ட்ரோபின் உள்ளதா என்று எதிர்ப்பொருளால் சோதிக்கும் முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. புதிய சிகிச்சை எதுவானாலும், அதற்குப் பின் தசையில் புரதம் உண்டானதா என்று அளப்பதற்கும் இத்தகைய கருவிகளே துணை.

இன்சுலின் மருந்தானது, டிஸ்ட்ரோபின் ஏன் ஆகவில்லை?

மாணவர் யாராவது இதைக் கேட்டால் பாராட்டுங்கள். யாரும் கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். மறுசேர்க்கை முறையில் தயாரான மனித இன்சுலின் 1982-இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்களே உள்ளன. அது இரத்தத்தில் பயணித்து, செல்லின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பியைத் தொட்டாலே வேலை முடிகிறது. டிஸ்ட்ரோபின் அப்படியன்று. அது ஒவ்வொரு தசைநாருக்கும் உள்ளே, சவ்வின் அடியில் அமர வேண்டும். ஊசி வழியாகச் செலுத்தும் அவ்வளவு பெரிய புரதம் செல்லுக்குள் நுழையாது.

வாய்வழி கொடுத்தாலும் பயனில்லை. எந்தப் புரதமும் செரிமானத்தில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். புரதக் குறைபாடு என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சத்துமாவுக்கும் டானிக்குக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும் பெற்றோருக்கு இந்த ஒரு செய்தி பேருதவி. முட்டையும் பருப்பும் எல்லாக் குழந்தைக்கும் நல்லவை. ஆனால் அவற்றால் டிஸ்ட்ரோபின் உண்டாகாது.

எனவே புரதத்துக்குப் பதிலாக மரபணுவையே தசைக்குள் அனுப்ப முயல்கிறார்கள். அதைச் சுமந்து செல்லும் வைரஸில் ஏறத்தாழ 4,700 எழுத்துகளுக்குத்தான் இடம். டிஸ்ட்ரோபினின் தூது ஆர்.என்.ஏ. சுமார் 14,000 எழுத்துகள் கொண்டது. ஆகவே முக்கியப் பகுதிகளை மட்டும் வைத்துச் சுருக்கிய மைக்ரோ டிஸ்ட்ரோபின் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 2023-இல் இவ்வகைச் சிகிச்சை ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் விலை பல கோடி ரூபாய். பாதுகாப்பு குறித்த கேள்விகளும் எழுந்துள்ளன. நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தும் முறையான இயன்முறைப் பயிற்சியும் குழந்தை நடக்கும் காலத்தை நீட்டிக்கின்றன. இதயத்தையும் சுவாசத்தையும் தொடர்ந்து கண்காணித்தால் ஆயுளும் கூடுகிறது. சீக்கிரம் கண்டறிவது இதனால்தான் முக்கியம்.

வகுப்பறையில் நாம் கவனிக்க வேண்டியவை

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் குழந்தைகள் தரையில் அமர்ந்து, எழுந்து, நகர்ந்து கற்கிறார்கள். கவனிப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பின்வருவனவற்றில் சில ஒருசேரத் தொடர்ந்து தென்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்:

• தரையிலிருந்து எழும்போது, கைகளை முதலில் தரையிலும் பிறகு முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி, தன் உடல்மீதே ஏறுவதுபோல் எழுதல். 1879-இல் இதை விளக்கிய ஆங்கில மருத்துவரின் பெயரால் இது கோவர்ஸ் அறிகுறி எனப்படுகிறது.
• அடிக்கடி விழுதல். ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருதல். ஒற்றைக்காலில் தத்த இயலாமை.
• படியேறும்போது கைப்பிடியையோ தொடையையோ பிடித்துக்கொள்ளுதல்.
• நுனிக்காலில் நடத்தல். வயிற்றை முன்தள்ளி, அசைந்து அசைந்து நடத்தல்.
• கெண்டைக்கால் தசை வழக்கத்தைவிடப் பருத்திருத்தல். இதைப் 'பலசாலிப் பிள்ளை' என்று தவறாக எண்ணிவிடுவார்கள்.
• ஒன்றரை வயதுக்குப் பிறகே நடக்கத் தொடங்கியதாகப் பெற்றோர் கூறுதல். சிலரிடம் பேச்சும் கற்றலும் தாமதப்படுதல்.

நோயை முடிவு செய்வது நம் வேலையன்று. இரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, பழைய காயம் போன்றவற்றாலும் குழந்தை விழலாம். நாம் செய்யக்கூடியது, பார்த்ததைத் தேதியோடு எழுதி, பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் தெரிவிப்பது. தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் நடைபெறும் பள்ளி மருத்துவப் பரிசோதனை இதற்கெனவே உள்ளது. சி.பி.கே. என்னும் எளிய இரத்தப் பரிசோதனையில், சிதைந்த தசையிலிருந்து கசியும் கிரியாட்டின் கைனேஸ் நொதி இயல்பைவிடப் பல மடங்கு கூடியிருப்பது தெரியும். அதன்பின் மரபணுப் பரிசோதனை உறுதி செய்யும். கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் மையம் தசைச்சிதைவு நோய்க்கான மரபணுப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமென்றே இயங்குகிறது. எங்கள் மலையிலிருந்து செல்வோருக்கு வேலூர், திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அருகில் உள்ளன.

பெற்றோரிடம் பேசும்போது

தாயைக் குற்றவாளி ஆக்கும் சொல் எதுவும் நம் வாயிலிருந்து வரக்கூடாது. எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து வருவதால் 'அம்மா வழி நோய்' என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சொல் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே குலைத்துவிடும். யாரும் தம் மரபணுவைத் தேர்ந்தெடுப்பதில்லை. பல குழந்தைகளுக்கு இது புதிதாகவே ஏற்படுகிறது. 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்பதும் இந்நோய்க்குப் பொருந்தாது. ஆண் குழந்தைக்கு ஒரே எக்ஸ் குரோமோசோம்தான். தந்தை அதைத் தருவதில்லை என்று விளக்கலாம்.

அதே வேளையில், தாய் மரபணுவின் கடத்தியாக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இந்நோய் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூத்த மகனுக்கு நோய் தெரியும் முன்பே அடுத்த குழந்தை பிறந்துவிடுவது பல குடும்பங்களில் நேர்கிறது. ஒன்றாம் வகுப்பில் ஆசிரியர் கவனித்துச் சொல்வது அக்குடும்பத்துக்கு மரபணு ஆலோசனை பெறும் வாய்ப்பைத் தரும்.

பள்ளியில் செய்யக்கூடியவை

மலைப்பள்ளிகளுக்கு ஒரு முக்கியச் செய்தி. ஏற்றத்தைவிட இறக்கம் இத்தசைகளுக்கு அதிகக் கேடு. இறங்கும்போது தொடைத் தசை சுருங்கிய நிலையிலேயே நீட்டப்படுகிறது. கட்டுநார் இல்லாத சவ்வு அப்போதுதான் அதிகம் கிழிகிறது. ஊரிலிருந்து சரிவில் இறங்கிப் பள்ளிக்கு நடந்துவரும் குழந்தைக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பயணப்படி, பாதுகாவலர் படி ஆகியவற்றை வட்டார வள மையம் வழியாகக் கேட்டுப் பெறலாம். உண்டு உறைவிடப் பள்ளியில் படுக்கையும் வகுப்பும் கழிப்பறைக்கு அருகிலேயே, ஒரே தளத்தில் அமையட்டும்.

உடற்கல்வி வேளையில் அக்குழந்தையை ஒதுக்கி உட்காரவைக்க வேண்டாம். களைக்கும் அளவுக்கு ஓடவும் விட வேண்டாம். மதிப்பெண் குறிப்பது, விசில் ஊதுவது, பந்தை உருட்டுவது என ஏதாவது ஒரு பங்கு தரலாம். உட்கார்ந்து எழும் தண்டனை எந்தக் குழந்தைக்கும் கூடாது; இக்குழந்தைக்கு அது நேரடித் தசைக் காயம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. அடையாள அட்டை, தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், நடக்க இயலாத நிலையில் வீட்டுவழிக் கல்வி ஆகியவற்றுக்கு வழி உண்டு. விண்ணப்பம் எழுதவும் அலுவலகம் தெரியவும் பழங்குடிப் பெற்றோருக்குப் பெரும்பாலும் நாமே துணை.

மேல்வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது, பள்ளியில் இந்நோயுள்ள மாணவர் இருந்தால் அவரை எடுத்துக்காட்டாகச் சுட்ட வேண்டாம். மண்சுவரும் புளிய மரமும் காந்தமும் போதும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. மனித மரபணுவை நேரடியாக எடுக்காமல், தூது ஆர்.என்.ஏ.விலிருந்து நகலெடுத்துப் பாக்டீரியாவில் வைப்பது ஏன்?
2. மூன்றின் மடங்காக உள்ள நீக்கம் பெரும்பாலும் மிதமான நோயைத் தருவது ஏன்? சொந்தமாக ஒரு மூன்றெழுத்துச் சொல் வாக்கியம் அமைத்து விளக்குக.
3. இன்சுலினை ஊசியாகத் தரலாம். டிஸ்ட்ரோபினைத் தர இயலாது. காரணங்கள் இரண்டு கூறுக.
4. டிஸ்ட்ரோபின் புரதம் தசையில் இல்லை என்பதை அறிய எதிர்ப்பொருள் எவ்வாறு உதவியது?
5. தரையிலிருந்து எழச் சிரமப்படும் தோழனுக்கு வகுப்பு மாணவர்கள் செய்யக்கூடிய மூன்று உதவிகளை எழுதுக.